ஜன்னலுக்குக் கீழே ஒரு கல்

பழைய வீடு வாங்குகிறவர்கள் முதலில் கூரையைப் பார்ப்பார்கள், அப்புறம் பாய்லர், அப்புறம் சமையலறை. ஜன்னலுக்குக் கீழே வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் கல்லை யாரும் பார்ப்பதில்லை. நானும் என் மனைவியும் இங்கிலாந்தின் வெஸ்ட் யார்க்‌ஷரில் 1890களில் கட்டிய ஒரு டெரஸ் வீட்டில், அதாவது தெரு நெடுக ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கிறோம். முன்பக்கம் முழுக்க மணற்கல். முன்னறை ஜன்னலுக்குக் கீழே உள்ள அந்தக் கல்லை, ‘சில்’ என்று இங்கே சொல்வார்கள், இந்த ஆண்டு மாற்றினோம். ஒரே ஒரு கல்தான். ஆனால் அதை மாற்றப் போய், இந்த மாதிரி வீடுகள் மழையோடு எப்படி வாழ்கின்றன என்பது எனக்கு முதல்முறையாகப் புரிந்தது. இங்கே பழைய வீடு வைத்திருக்கும் நம் ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஜன்னல் கண்ணாடியில் விழும் மழை எங்கேயும் ஊறுவதில்லை. மொத்தமும் வழிந்து கீழே வருகிறது. கல் சுவரில் விழும் மழையில் ஒரு பகுதியைச் சுவரே குடித்துக்கொண்டு, காற்றடிக்கும்போது வெளியே விட்டுவிடும். கண்ணாடியால் அது முடியாது. ஆகவே ஒரு முகப்பில் மிக அதிகமான தண்ணீர் ஒரே கோட்டில் வந்து சேரும் இடம் ஜன்னலின் அடிப்பகுதிதான். அந்தத் தண்ணீரை வாங்கி, சுவரில் படாமல் தள்ளிக் கீழே விழவைப்பதுதான் சில் கல்லின் வேலை. அழகு அதற்கப்புறம்தான்.

இந்த வேலைக்காக அந்தக் கல்லில் செய்திருக்கும் சங்கதிகளைப் பார்த்தால் மரியாதை வருகிறது. மேற்பரப்பு வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும். ஆனால் அந்தச் சரிவு கல்லின் முழு நீளத்துக்கும் போகாது. இரண்டு முனைகளிலும் கொஞ்ச தூரம் சரிவில்லாமல் மட்டமாக, சற்று உயரமாக விட்டிருப்பார்கள். ஜன்னலின் இருபக்கமும் நிற்கும் கற்கள் அந்த மட்டமான இடத்தில்தான் உட்காரும். அதனால் தண்ணீர் பக்கவாட்டில் ஓடி மூலைக்குள் புகாமல், முன்னால் மட்டுமே ஓடும். கல் சுவரைவிட்டு 50 மில்லிமீட்டராவது வெளியே நீட்டியிருக்கும். அந்த நீட்டலின் அடிப்புறத்தில், முன்விளிம்பிலிருந்து சற்று உள்ளே, நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம் வெட்டியிருப்பார்கள். விரல் நுனி நுழையும் அளவுதான் இருக்கும். தண்ணீர் கல்லின் அடிப்பக்கத்தை ஒட்டியபடி சுவரை நோக்கி ஊர்ந்துபோகப் பார்க்கும். பள்ளத்தின் விளிம்பைத் தாண்ட முடியாமல் அங்கேயே துளியாகச் சொட்டிவிடும். இந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அந்த நீட்டலால் பாதிப் பயன்கூட இல்லை.

எங்கள் வீட்டில் அந்தப் பள்ளம் பல அடுக்குப் பெயிண்டால் அடைபட்டுக் கிடந்தது.

வீட்டுக்குள்ளே தெரிந்தது ஒரு ஈரத்திட்டு மட்டும்தான். முன்னறையில், ஜன்னலுக்கு நேர் கீழே, பிளாஸ்டர் உப்புப் பூத்து உதிர்ந்தது. ஈரம் பார்க்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து ஆள் வந்தார். ஒரு கருவியைச் சுவரில் குத்தினார், அது கத்தியது. தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது, சுவர் முழுக்கத் துளையிட்டு ரசாயனம் ஏற்ற வேண்டும் என்று சொல்லி விலையும் எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் வெளியே போய்ச் சுவரின் மறுபக்கத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை. தரையிலிருந்து ஏறும் ஈரம் தரையோரமாகத்தான் தெரிய வேண்டும். எங்கள் சுவரின் அடி காய்ந்திருந்தது. ஈரம் ஜன்னலின் அகலத்துக்கு மட்டும், மேலே அதிகமாகவும் கீழே போகப் போகக் குறைவாகவும் இருந்தது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை அந்தத் திட்டின் வடிவமே காட்டிக்கொடுத்தது. இந்த மாதிரி வீடுகளில் ஈரம் என்று யாராவது சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன் மழை பெய்யும்போது ஒரு குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்று பாருங்கள். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது, எங்கே சுவரைத் தொடுகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

வெளியே கல்லின் நிலைமை மோசம். நடுவில் நேர்க்கோடாக மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். முன்விளிம்பு அடுக்கடுக்காக உரிந்திருந்தது. அதன்மேல் யாரோ எப்போதோ சிமெண்ட் பூசி, அதற்கும் மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பின்னால், மரச்சட்டத்தை ஒட்டிய இடத்தில், துருவின் கறை. மூன்றுக்கும் மூன்று வேறு காரணங்கள் என்பதைப் பிரித்துச் சொன்னவர் நாங்கள் கடைசியில் கண்டுபிடித்த கல்தச்சர்.

நடுவிரிசலின் காரணம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு சுவரில் ஜன்னலின் இருபுறமும் உள்ள பகுதிகள் மேலேயிருந்து வரும் பாரத்தைச் சுமக்கின்றன. ஜன்னலுக்கு நேர் கீழே உள்ள பகுதி கிட்டத்தட்ட எதையும் சுமப்பதில்லை. வீடு கட்டிய முதல் சில ஆண்டுகளில் பாரம் உள்ள இடங்கள் கொஞ்சம் இறங்கும், பாரம் இல்லாத நடு இறங்காது. சில் கல்லை முழு நீளத்துக்கும் கலவை போட்டு உட்காரவைத்துவிட்டால், இரண்டு முனைகளும் கீழே இழுபட, நடுவில் மட்டும் அடியிலிருந்து முட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கல் வளையாது, உடையும். அதனால்தான் விவரம் தெரிந்த பழைய கொத்தர்கள் சில் கல்லை முனைகளில் மட்டும் கலவை வைத்து உட்காரவைப்பார்கள். நடுவில் அடியில் ஒரு வெற்று இடைவெளியை விட்டுவிட்டு, கட்டடம் இறங்கி ஓய்ந்தபின் அதன் வாயை மட்டும் பூசி மூடுவார்கள். எங்கள் வீட்டைக் கட்டியவர் அதைச் செய்யவில்லை. அந்தக் காலத்தில் இந்தத் தெருக்கள் ஆலைத் தொழிலாளர்களுக்காக வேகவேகமாக எழும்பியவை, அவசரம் புரிகிறது. ஆனாலும் அந்த விரிசல் வழியாக இத்தனை காலம் தண்ணீர் நேராகச் சுவரின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. இந்தச் சுவர்கள் வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், நடுவில் கல் சில்லும் கலவையுமாக நிரப்பியவை. உள்ளே போன தண்ணீர் லேசில் காயாது.

அடுக்கடுக்காக உரிந்ததற்குக் குற்றவாளி சிமெண்ட். இங்கே ஒரு வேடிக்கையான வரலாறு இருக்கிறது. போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு 1824-இல் காப்புரிமை வாங்கிய ஜோசப் ஆஸ்ப்டின் லீட்ஸைச் சேர்ந்த கொத்தர். இறுகியபின் அது டோர்செட் கரையோரப் போர்ட்லண்ட் தீவின் கல்லைப் போல இருக்கும் என்றுதான் அந்தப் பெயரை வைத்தார். ஆக, எங்கள் வட்டாரத்துக் கற்களை அரித்துக்கொண்டிருக்கும் பொருளுக்குப் பெயர் வைத்தவரும் எங்கள் வட்டாரத்துக்காரர்தான். சிமெண்ட் நல்ல பொருள், அது இருக்க வேண்டிய இடத்தில். சிக்கல் என்னவென்றால் அது சுண்ணாம்பைவிட மிகக் கெட்டி, தண்ணீரையும் எளிதில் வெளியே விடாது. சுண்ணாம்புக் கலவை வைத்த சுவரில் உள்ளே போன ஈரம் கலவை வழியாக வெளியேறும். கல்லைவிடக் கலவை மென்மையாக இருப்பதால், தேய்வதென்றால் கலவைதான் தேயும், அதை மறுபடி வைத்துக்கொள்ளலாம். சிமெண்ட் வைத்தால் எல்லாம் தலைகீழ். ஈரம் கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதோடு வரும் உப்பு கல்லின் தோலுக்கு அடியில் படிகமாகி அதைத் தள்ளும். குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் நீர் உறைந்தால் அதன் பருமன் 9 சதவீதம் கூடும். கல்லின் முகம் பிஸ்கட் மாதிரி உதிரும். பூசின சிமெண்ட் மட்டும் அப்படியே நிற்கும்.

துருக்கறைக்குக் காரணம் மரச்சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவில் பள்ளம் வெட்டிச் செருகியிருந்த ஓர் இரும்புப் பட்டை. காற்று அடித்துத் தள்ளும் மழை மரத்துக்கும் கல்லுக்கும் இடையே உள்ளே வந்துவிடாமல் தடுக்கும் குட்டிச் சுவர் அது. யோசனை அருமையானது. ஆனால் இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருக்கும், கல்லை உள்ளிருந்தே பிளந்துவிடும்.

சரி, இவ்வளவு கெட்டுப்போயிருந்தும் மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டோம். கேட்க வேண்டிய கேள்விதான். வில்லியம் மாரிஸும் நண்பர்களும் 1877-இல் தொடங்கிய பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கம், ‘ஸ்பாப்’ என்று இங்கே சொல்வார்கள், ஆரம்பத்திலிருந்தே பழுது பாருங்கள், புதுப்பிக்கிறேன் என்று பழசைத் துடைத்தெடுக்காதீர்கள் என்று சொல்லி வருகிறது. நான் அந்தக் கட்சி. ஒரு மூலை மட்டும் உடைந்த கல்லுக்கு, உடைந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து அதே வகைக் கல்லில் ஒரு துண்டைப் பொருத்தலாம். சின்னக் குழிகளைச் சுண்ணாம்பும் கல்பொடியும் கலந்த கலவையால் நிரப்பலாம். முகப்பில் இருக்கும் ஒரு கல்லை வயதாகிவிட்டது, கறுத்துவிட்டது, வழவழப்பாக இல்லை என்பதற்காகத் தூக்கி எறிவது பாவம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் சில் கல்லின் விஷயம் கொஞ்சம் வேறு. அது சுவருக்காக அடி வாங்கும் கல். தண்ணீரைத் தள்ளும் வேலையை அதனால் செய்ய முடியாது என்று ஆகிவிட்டால், அதைக் காப்பாற்றுவதற்காகச் சுவரை விட்டுக்கொடுக்கக் கூடாது. எங்கள் கல்லில் முன்விளிம்பு பள்ளத்தோடு சேர்ந்து போய்விட்டது, நடுவில் உடைந்துவிட்டது, பின்விளிம்பு பிளந்துவிட்டது. துண்டு போட்டுச் சரிசெய்ய வேண்டுமென்றால் கடைசியில் பழைய கல்லைவிடத் துண்டுகள்தான் அதிகமாக இருக்கும். மாற்றுவது என்று முடிவெடுத்தோம்.

அதற்கு முன் அனுமதி. எங்கள் வீடு ‘லிஸ்டட்’ கட்டடம், அதாவது அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம் இல்லை, ஆனால் தெரு பழைய தோற்றத்தைக் காக்க வேண்டிய பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கிறது. இங்கிலாந்தில் லிஸ்டட் கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்தைச் சம்மதம் வாங்காமல் செய்வது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், சிறைத்தண்டனைகூட உண்டு. பாதுகாப்புப் பகுதியில் சட்டம் அவ்வளவு கடுமை இல்லை. ஆனால் சில தெருக்களுக்கு உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் ‘ஆர்ட்டிகிள் 4’ உத்தரவு போட்டிருக்கும். அங்கே ஜன்னலைத் தொடுவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டிவரும். இருந்த கல்லுக்குப் பதில் அதே வகைக் கல், அதே அளவு, அதே வடிவம் என்றால் அது பழுதுபார்ப்புதான் என்று எங்கள் கவுன்சில் எழுத்தில் சொன்னது. அந்த மின்னஞ்சலை வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். விற்கும்போது வழக்கறிஞர்கள் கேட்பார்கள்.

‘அதே வகைக் கல்’ என்பதுதான் விஷயத்தின் மையம். கான்கிரீட்டில் வார்த்த சில்கள் மலிவாகக் கிடைக்கின்றன. எங்கள் தெருவிலேயே சில வீடுகளில் இருக்கின்றன, முதல் நாளிலிருந்தே தனியாகத் தெரிகின்றன. வயதாவதும் வேறு மாதிரி. மணற்கல் நிறம் ஆழ்ந்துகொண்டே போகும், கான்கிரீட் வெளுத்துக்கொண்டே போகும். தெற்கே பாத் நகரத்துச் சுண்ணாம்புக்கல்லையும் இங்கே கொண்டுவந்து வைக்கக் கூடாது. சுற்றிலும் மணற்கல் இருக்க, நடுவில் சுண்ணாம்புக்கல்லை வைத்தால் அதிலிருந்து கரைந்து வழியும் உப்புகள் கீழே உள்ள மணற்கல்லைக் கெடுக்கும். இதைக் கல்தச்சர் சொன்னபோதுதான், கல் என்றால் எல்லாம் கல் என்று நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு தப்பு என்று தெரிந்தது.

யார்க் கல் என்று பொதுவாகச் சொல்லப்படும் மணற்கல் 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஆற்று முகத்துவாரங்களில் படிந்த மணல். ஹாலிஃபாக்ஸ், ஹட்டர்ஸ்ஃபீல்ட் சுற்றுவட்டாரக் குவாரிகளிலிருந்து இன்னும் வெட்டி எடுக்கிறார்கள். நாங்கள் உடைந்த கல்லிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துக்கொண்டு போனோம். வெளிப்பக்கக் கறுப்பைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யக் கூடாது, அது ஆலைப் புகையின் கரி. புதிதாக உடைத்த உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் கல் உள்ளே தேன் கலந்த பழுப்பு, மணல் மிக நைசு. தண்ணீரில் நனைத்தும் பார்த்தோம், காயவைத்தும் பார்த்தோம். பக்கத்திலேயே ஒரு குவாரியில் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி போல ஒரு கல் கிடைத்தது. இந்த வட்டாரத்தில் மணற்கல் எப்படி வயதாகிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சால்டேருக்குப் போய் வாருங்கள். டைட்டஸ் சால்ட் தன் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1851-இல் தொடங்கிக் கட்டிய கிராமம் அது, 2001-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. முடிவெடுப்பதற்கு முன் அங்கே தெருத்தெருவாக நடந்து ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தேன். பள்ளம் சுத்தமாக இருக்கும் இடங்களில் கீழே உள்ள சுவர் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது கண்கூடு.

கல்லைத் தேர்ந்தபின் அதை எந்தப் பக்கமாக வெட்டுவது என்று ஒரு கேள்வி. மணற்கல் அடுக்குகளாகப் படிந்தது. சாதாரணச் சுவர்க் கல்லை அடுக்குகள் படுக்கைவசமாக இருக்கும்படி வைப்பார்கள். அடுக்குகள் தெருவைப் பார்த்து நிற்கும்படி வைத்தால் ஒவ்வொரு அடுக்காகக் கழன்று விழும். வெளியே நீட்டி நிற்கும் கல்லுக்கு, அடுக்குகள் செங்குத்தாக, சுவருக்குக் குறுக்காக இருப்பது நல்லது என்பது எங்கள் கல்தச்சரின் கட்சி. அலமாரியில் புத்தகங்களை நிறுத்துவதுபோல அடுக்குகளை நிறுத்திவிட்டால், மேலேயோ அடியிலேயோ எந்த அடுக்கும் தனியாக உரிய வழியில்லை. குவாரியில் அப்படியே கேட்டு வெட்டி வாங்கினார்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்லுக்கு ஆன செலவைவிடக் கூலிதான் அதிகம், அது நியாயம். நியாயமில்லாதது வாட் வரி. புதிதாக வீடு கட்டினால் வாட் பூஜ்யம். நூறு ஆண்டு தாண்டிய வீட்டின் கல்லைப் பழுதுபார்த்தால் 20 சதவீதம். லிஸ்டட் கட்டடங்களில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு இருந்த ஒரே சலுகையையும் 2012 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். இருப்பதைப் பேணுகிறவனுக்கு வரி, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறவனுக்குச் சலுகை என்ற இந்த ஏற்பாட்டை என்னால் ஏற்கவே முடியவில்லை.

வேலையை மே மாதத்தில் வைத்துக்கொண்டோம். சுண்ணாம்புக் கலவைக்கு 5 டிகிரிக்குக் கீழே குளிர் போகக் கூடாது, உறைபனி பட்டால் கலவை மாவாகிவிடும். கல்லின் நீளம் 1200, ஆழம் 200, உயரம் 140 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 80 கிலோ வருகிறது. என் மைத்துனன் லெஸ்டரிலிருந்து உதவிக்கு வந்திருந்தான். “அத்தான், இந்த ஒரு கல்லுக்கா நாலு பேர்?” என்று கேட்டவன், கல்லை ஒரு முனையில் தூக்கிப் பார்த்ததும் பேசாமல் கையுறையை மாட்டிக்கொண்டான்.

முதலில் ஜன்னலின் இரண்டு கதவுகளையும், மேலும் கீழும் நகரும் அந்தப் பழைய வகைக் கதவுகள், கழற்றி எடுத்துப் பாரத்தைக் குறைத்தார்கள். மரச்சட்டம் சில் கல்லின்மேல்தான் உட்கார்ந்திருக்கும் என்பதால் அதற்கு உள்பக்கமிருந்து சட்டங்களும் ஆப்புகளும் வைத்து முட்டுக் கொடுத்தார்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொண்டு, காய்ந்த நிலையில் சுரண்டவோ தேய்க்கவோ இல்லை. அப்புறம் இணைப்புகளைத் தோண்டினார்கள். இதற்குக் கிரைண்டர் வேண்டாம் என்று கல்தச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வட்டமான தகடு நேரான மூலைக்குள் போகாது. மூலைவரை வெட்டப் போனால் பக்கத்துக் கல்லில் தழும்பு விழும். குறுகிய உளியும் சுத்தியலும்தான். மேலே இருந்த சிமெண்ட் ஓடு போய்விட்டால் அடியில் பழைய சுண்ணாம்பு சுலபமாக வந்தது. கல்லை வெட்ட வேண்டி வந்தால் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்ட வேண்டும், முகத்துக்குப் பொருந்தும் எஃப்எஃப்பி3 முகமூடி போட்டிருக்க வேண்டும். மணற்கல்லில் பெரும்பகுதி சிலிக்கா, அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. வீட்டிலே நீங்களே செய்வதாக இருந்தால் இந்த ஒரு விஷயத்தில் சமரசம் செய்யாதீர்கள்.

முனைகள்தான் கவனமான இடம். எங்கள் கல் இருபக்கமும் 100 மில்லிமீட்டர் அளவுக்குப் பக்கக் கற்களுக்கு அடியில் போயிருந்தது. பக்கக் கற்கள் அகலமானவை, பெரும்பகுதி சுவரிலேயே உட்கார்ந்திருந்தன. அதனால் சில் கல்லை உருவினாலும் அவை இறங்காது. இருந்தும் ஆப்பு வைத்துத்தான் செய்தார்கள். சில வீடுகளில் பக்கத்தில் ஒரே நெடுங்கல்லாக நிற்கும், அதன் முழுப் பாரமும் சில் முனையில் இருக்கும். அப்படியென்றால் கட்டடப் பொறியாளர் பார்க்காமல் தொடக் கூடாது. எங்கள் கல் ஏற்கெனவே நடுவில் உடைந்திருந்தது ஒரு வசதி. இடது பாதியை அசைத்து முன்னால் இழுத்தார்கள், அப்புறம் வலது பாதி. உள்ளே பார்த்தால், நான் எதிர்பார்த்ததைவிட மோசமான ஈரம். நிரப்பியிருந்த கலவை களிமண் மாதிரி இருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒரு வாரம் தார்ப்பாய் கட்டிக் காயவிட்டோம். “இப்படித் திறந்துபோட்டு எத்தனை நாளுங்க?” என்று மனைவி கேட்டது நியாயம்தான், ஆனால் அந்தக் காத்திருப்பு இல்லாமல் மற்றதெல்லாம் வீண்.

புதுக் கல்லை வைத்த நாள் எனக்குத் திருவிழா. ஜன்னல் மட்டத்துக்குச் சமமாக ஒரு மரமேடை போட்டு, அதன்மேல் கல்லை ஏற்றி, உருளைகளில் நகர்த்தி அப்படியே நேராக உள்ளே தள்ளினார்கள். அதற்கு முன் கல்லையும் சுவரையும் நன்றாக நனைத்தார்கள். காய்ந்த கல் சுண்ணாம்பின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் கலவை இறுகாமல் பொடியாகும். கலவை என்.எச்.எல். 3.5 என்ற, நீரோடு சேர்ந்து இறுகும் வகைச் சுண்ணாம்பு ஒரு பங்கு, முனை மழுங்காத கரடான மணல் இரண்டரைப் பங்கு. முனைகளில் மட்டும் கலவை, நடுவில் ஒன்றும் இல்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்து, முனைகளுக்கு மேலே உள்ள இடைவெளியில் ஸ்லேட் சில்லுகளையும் கெட்டியான கலவையையும் இறுக்கித் திணித்தார்கள். கல்தச்சர் குனிந்து அடியில் விரல் விட்டு, நடுவில் வெற்றிடம் இருக்கிறதா என்று ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிப் பார்த்தார். இந்தச் சுவர் இறங்கி ஓய்ந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறதே, இன்னும் எதற்கு என்று கேட்டேன். கட்டடம் ஒருநாளும் முழுதாக ஓய்வதில்லை, வெயிலுக்கும் குளிருக்கும் அசைந்துகொண்டுதான் இருக்கும் என்றார். சில நாள் கழித்து வந்து அந்த இடைவெளியின் வாயை மட்டும் பூசிவிட்டுப் போனார்.

பழைய இரும்புப் பட்டைக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகுப் பட்டை. மரச்சட்டத்துக்கும் கல்லுக்கும் இடையில் சிலிக்கோன் அடைக்காமல், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் மணலைக் குழைத்த பழைய முறைப் பூச்சான மாஸ்டிக் வைத்தார்கள். அது இறுகியும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், வேண்டும்போது எடுத்துவிடவும் முடியும்.

அதற்கப்புறம் என் வேலை. ஈரச் சணல் சாக்கை இணைப்புகளின்மேல் தொங்கவிட்டு, காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளித்து, வெயிலும் காற்றும் நேராகப் படாமல் பார்த்துக்கொண்டேன். சிமெண்ட் பழகியவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். இந்தச் சுண்ணாம்பு நீரோடு சேர்ந்து ஓரளவு இறுகும், காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மீதி மெல்ல மெல்ல இறுகும். முழுப் பலம் வரப் பல மாதங்கள் ஆகும்.

கரிபிடித்த முகப்பின் நடுவில் புதுக் கல் பளிச்சென்று தெரிகிறது. கல்லுக்குக் கரைசல் பூசிக் கறுப்பாக்கித் தர முடியும் என்று சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தபின் அந்தக் கரி இங்கே அடங்கத் தொடங்கியது. இனி இந்தக் கல் பழைய கற்களைப் போலக் கறுக்கவே கறுக்காது. அது நல்ல செய்திதான், அதை மறைக்க நான் ஏன் சாயம் பூச வேண்டும்? மழையிலும் பாசியிலும் அதுவாக ஒரு நிறத்துக்கு வரட்டும். பெயிண்ட் மட்டும் இனி அதன்மேல் படாது.

உள்ளே பிளாஸ்டரைச் சுண்ணாம்பில் பூச வேண்டும், சுவர் இன்னும் முழுதாகக் காயாததால் அது அடுத்த ஆண்டுதான். மேல்மாடி ஜன்னலின் கல்லைச் சாரம் கட்டிப் பார்த்தார்கள். அங்கே ஒரு மூலைதான் உடைந்திருக்கிறது, பள்ளம் முழுதாக இருக்கிறது. மாற்றத் தேவையில்லை, துண்டு பொருத்தினால் போதும். உறைபனி தொடங்குவதற்குள் செய்து முடிக்கக் கல்தச்சர் செப்டம்பரில் நாள் கொடுத்திருக்கிறார். அதுவரை நான் பின்பக்க ஜன்னல்களின் அடியில் பள்ளங்களை அடைத்திருக்கும் பெயிண்டை, ரசாயனப் பசை தடவி ஊறவைத்து, மரக்குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.